பஞ்சு பிடித்த கை

லூனாஸ் தோட்டத்தில் ஜெரார்ட் அண்ணன் வீட்டு வாசலில் என் பழைய காரை நிறுத்திவிட்டு நிற்கிறேன். மூன்று வருடம் கழித்துச் சிங்கப்பூரிலிருந்து வரும் அவர் மகள் ஃபெலிசியாவைப் பத்து மணிக்குச் சுங்கைப் பட்டாணி பஸ் நிலையத்தில் ஏற்றிவர வேண்டும். அண்ணனோ பிளாஸ்டிக் நாற்காலியில் தலையைச் சாய்த்துக் கிடக்கிறார். நேற்று செம்பனைக் குலை வெட்டும்போது கண்ணில் விழுந்த தூசியை அழுக்குக் கையால் கசக்கிவிட்டார். இன்று பீளை காய்ந்து இரண்டு கண்ணும் ஒட்டிக்கொண்டன. கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீர் மங்குக் கிண்ணத்தில் இளஞ்சூடாக இருக்கிறது. நனைத்த பஞ்சு இமைமேல் சற்று நேரம் தங்கி, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக மெல்லத் துடைக்கிறது. ஒவ்வொரு தடவைக்கும் புதுப் பஞ்சு. "பொழுதாச்சு பிரிஜெட், புள்ள தனியா நிப்பா லா!" என்கிறார் அண்ணன். "ஆடாம இருங்க" என்று அவர் மனைவி பிரிஜெட் அக்காவின் குரல். "காலையில சட்டி தேய்க்கிற மாதிரி தேய்ச்ச, இப்ப என்ன கை இவ்வளவு மெத்துன்னு இருக்கு?" "புள்ள வருதுல்ல, அதான்." பதில் சொல்லும் பிரிஜெட் அக்கா நாற்காலிக்குப் பின்னால் நின்று, துண்டால் வாயைப் பொத்திச் சிரிக்கிறார். பஞ்சைப் பிடித்திருப்பது, முந்தின பஸ்ஸிலேயே வந்து பின்வாசல் வழியாக நுழைந்துவிட்ட ஃபெலிசியா. என்னைப் பார்த்து இடது கை விரலை உதட்டில் வைக்கிறாள். ஓர் இமை பிரிகிறது. மற்றதும் பிரிகிறது. காலை வெயிலில் கூசி, அண்ணன் அவளையே பார்க்கிறார். நம்பாமல், கண்ணைக் கசக்கக் கையைத் தூக்குகிறார். அந்தக் கையை அவள் பிடித்துக்கொள்கிறாள். "கசக்காதீங்கப்பா. நாந்தான்."