மூடியைத் திறக்காதீங்க

லாரி மெக்கானிக் மறுபடியும் மூடியைத் தூக்குகிறார். குப்பென்று கிளம்பிய ஆவி அவருடைய மூக்குக்கண்ணாடியில் படிகிறது. துடைக்கப் பொறுமையில்லாமல் கரண்டியால் ஒரு துண்டைக் குத்துகிறார். மாட்டிறைச்சி அசைந்து கொடுக்கவில்லை. அவசரப்பட்டு முதலிலேயே போட்ட குடைமிளகாய் மட்டும் கரைந்து கூழாகிவிட்டது. "சும்மா சும்மா திறந்தா எப்படிங்க வேகும்? மூடிட்டு இந்தப் பக்கம் வாங்க," என்று கூடத்திலிருந்து மனைவி கத்துகிறாள். மூடிக்கிடக்கும் எதையும் அவர் நம்பியதில்லை. எஞ்சினையும் திறந்து பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி. மூடியைப் படாரென்று சாத்துகிறார். அடுப்பைக் கூட்டுகிறார், அடிபிடிக்குமோ என்று உடனே குறைக்கிறார். "சனியன் பிடிச்ச கறி!" சாய்ந்த வெயில் மேசைமேல் காத்திருக்கும் மூன்று தட்டுகளில் விழுகிறது. கூடத்தில் பெட்டியின் ஜிப் இழுபடுகிறது. வெளியூரில் வேலை கிடைத்த மகள் ஷூவுக்கு முடிச்சுப் போடுகிறாள். தெருவில் டாக்ஸி ஹாரன் அடிக்கிறது.

"நேரமாச்சுப்பா."

"ஒரு வாய் சாப்பிட்டுப் போம்மா. இதோ வெந்துடும்."

அவள் அடுப்பருகே வந்து, நின்றபடியே ஒரு துண்டை எடுத்து ஊதி வாயில் போட்டுக்கொள்கிறாள். மெல்லுகிறாள். அவர் அவள் முகத்தையே பார்க்கிறார். இன்னும் மெல்லுகிறாள். மறுபடி ஹாரன். ஏதோ சொல்ல வந்தவள், வாயைத் திறக்க முடியாமல் அப்பாவின் தோளைத் தட்டிவிட்டுப் பெட்டியோடு ஓடுகிறாள். அவர் கரண்டியும் கையுமாக வாசலில் நிற்கிறார். டாக்ஸி தெருமுனை திரும்பும்வரை, ஜன்னலில் தெரியும் அவள் கன்னம் அசைந்துகொண்டே இருக்கிறது.