மூன்று அடுக்குக் கண்ணாடி

பக்கத்து வீட்டு டெட்லெஃபும் ஹைக்கேயும் பழைய ஜன்னல்களைப் பெயர்த்துவிட்டு மூன்று அடுக்குக் கண்ணாடி போட்டதிலிருந்து ரோஸ்விதாவுக்குக் காலைக் காபி ருசிக்கவில்லை. முன்பெல்லாம் அவர்கள் வீட்டுச் சண்டை ஒரு வார்த்தை சிந்தாமல் காதில் வந்து விழும். இப்போது வாய் மட்டும் அசைகிறது.

பொறுக்க முடியாமல் ஆப்பிள் கேக்கோடு கிளம்பிப் போனாள்.

"துளி சூடு வெளிய போகாதுங்க. வாசக்கதவும் புதுசு!" என்று டெட்லெஃப் கதவைச் செல்லமாகத் தட்டிக் காட்டினான்.

"சூடு போகாது, சரி. ஈரம் எங்கப்பா போகும்? என் தங்கச்சி இப்படித்தான் இறுக்கி அடைச்சா. சுவரெல்லாம் கறுப்பா பூஞ்சை!"

ஹைக்கே பதறிவிட்டாள். "ஐயையோ, என்ன செய்யலாம்?"

"பழைய ஜன்னல்ல காத்து தானா வந்துச்சு. இனிமே காலையில நல்லா அகலத் திறந்து விடணும்."

"பனி கொட்டினாலுமா?"

"கொட்டினாலும்தான்! ஜன்னல் திறக்காத வீடு நம்ம ஜெர்மனியில உண்டாம்மா?"

மறுநாள் காலை, கொட்டுகிற பனியில் அந்த ஜன்னல் அகலத் திறந்தது. ரோஸ்விதாவும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கையில் காபியோடு தன் ஜன்னலைத் திறந்தாள்.

"விறைக்குது டெட்லெஃப்! இதுக்கா இவ்வளவு செலவு பண்ணிக் கண்ணாடி போட்டோம்?"

"நாம எங்க குளிருக்குப் போட்டோம்? அந்தம்மா காதுக்குத்தானே போட்டோம்! இப்ப அவங்க பேச்சைக் கேட்டே திறந்து வச்சிருக்கோம் பாரு!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ரோஸ்விதாவுக்குப் புரையேறியது. எத்தனையோ நாளுக்குப் பிறகு சூடான செய்தி கிடைத்திருக்கிறது. தெருவில் ஒருவரிடமும் சொல்ல முடியாது!