நிறுத்தல் திலகம்

"நிறுத்துங்க! குரல்ல ஈரமே இல்லை. போய்த் தண்ணி குடிச்சிட்டு வாங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் கையைத் தூக்கிவிட்டார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போர்க்கால நாவல். ஊரே உயிர் தப்பி ஓடுகிறது. நிற்கக்கூட இடமில்லாத லாரியில் கைக்குழந்தையை மட்டும் ஏற்றிவிட்டுத் தெருவில் நிற்கிறாள் ஒரு தாய். நாவலின் உயிரே அந்தப் பக்கம்தான். அதை ஒலிப்புத்தகமாக வாசிப்பது, பிரசவத்துக்குப் பிறகு அவளுக்குக் கிடைத்த முதல் வேலை. சரியாக லாரி கிளம்பும் நேரம் பார்த்து நிறுத்துகிறார் மனுஷன்!

நேற்று, "மூச்சு வாங்கறது கேக்குது, காத்தாட நடந்துட்டு வாங்க." அதற்கு முன்னால், "உச்சரிப்பு தூங்குது, முகம் கழுவிட்டு வாங்க." ஒரு அத்தியாயமாவது முழுசாக ஓடியதில்லை. வீட்டில் அவருக்கு 'நிறுத்தல் திலகம்' என்று பட்டமே கொடுத்தாகிவிட்டது.

கடுகடுவென்று பின்படியில் இறங்கினாள். கீழே தங்கையின் பழைய கார். உள்ளே தங்கை மடியில் இவளுடைய கைக்குழந்தை. பயல் அப்போதுதான் வாயைக் கோணி ஆரம்பித்திருந்தான்.

முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போச்சு. "கைக்குழந்தைக்காரங்க சரிப்படாதும்மா, பாதியில எழுந்து ஓடிடுவாங்க" என்று முதல் நாளே சொன்னவர். இவளும், "எனக்கு அந்த மாதிரித் தொந்தரவே கிடையாது சார்" என்று அள்ளி விட்டிருந்தாள்.

பிள்ளைக்குப் பசியாற்றிக்கொண்டே பெருமை பீற்றினாள்.

"பார்த்தியாடி, இவன் சிணுங்கறப்பல்லாம் டாண்ணு வந்து நிக்கறேன். குண்டு போட்டாக்கூட உள்ளே கேக்காத அறை அது. இருந்தும் எனக்குத் தெரிஞ்சுடுது. தாய் மனசுன்னா சும்மாவா!"

தங்கை சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். "ஆமாமா, உலகத்துல இல்லாத தாய் மனசு."

"அந்த நிறுத்தல் திலகம் மட்டும் இல்லேன்னா இந்நேரம் புத்தகமே முடிஞ்சிருக்கும்."

அன்று மாலையே முதலாளியிடம் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

"அவருக்குக் காது போயிடுச்சோன்னு நினைக்கறேன் சார். இல்லாத குறையெல்லாம் கேக்குது. அவரை வெச்சுக்கிட்டு இதை முடிக்கவே முடியாது."

"எனக்கும் சந்தேகம்தான். வயசாச்சு, வீட்டுல இருக்கட்டும். நாளைக்கே ஆளை மாத்திடறேன்."

மறுநாள் வந்தவன் இளைஞன். "பிரமாதம் மேடம், அப்படியே போங்க" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. லாரி கிளம்பியது. தாய் பின்னாலேயே ஓடினாள். விழுந்தாள், எழுந்தாள், முகாம் முகாமாகத் தேடினாள். அத்தியாயம் முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. முதலாளியே வந்து கைதட்டினார்.

"கேக்கறவங்க குலுங்கிக் குலுங்கி அழப்போறாங்கம்மா!"

குதிக்காத குறையாகப் படியிறங்கினாள்.

காருக்குள் பிள்ளை கத்திக் கத்தித் தொண்டை கட்டி, விக்கிக்கொண்டிருந்தான். தங்கைக்கும் கண் கலங்கியிருந்தது.

"எவ்வளவு நேரமா அழறான் தெரியுமா? முதலாளி பார்த்துட்டா உன் வேலைக்கு உலை வெச்ச மாதிரி ஆயிடுமேன்னு மேலேயும் வர முடியலை."

பிள்ளையை வாரி அணைத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியவே இல்லைடி..."

"உனக்கு என்னிக்குக்கா தெரிஞ்சுது? நீ திட்டுவியே, அந்தப் பெரியவருக்குத்தான் தெரியும். இவன் வாயைத் திறந்தாப் போதும், மாடியில அவர் அறை ஜன்னல்ல தலையை நீட்டி, 'இதோ அனுப்பி வைக்கறேம்மா'ன்னுவார். 'அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதே. ஒரு காதை இங்கேயே வெச்சுட்டு வாசிச்சா கதையில மனசு ஒட்டாது'ன்னு சத்தியமே வாங்கிட்டார்."

அவள் மாடியைப் பார்த்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது.

தங்கையும் அண்ணாந்து பார்த்தாள்.

"ஏன்க்கா இன்னிக்கு அவர் வரலை? உடம்புக்கு ஏதாவதா?"