வெளிச் சாப்பாடு

“ஊருக்கெல்லாம் ஆக்கிப் போடறவன் வீட்டு விருந்துக்கு வெளியில இருந்து சாப்பாடு வருதா?”

மாஸ்டர் சட்டையைக்கூட மாட்டாமல் கூடத்தில் நின்று கேட்டார். பெரிய ஓட்டல் ஒன்றில் தலைமைச் சமையல்காரர் அவர். மனைவி துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

மகள் வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல் முறையாக அலுவலகத் தோழிகளை ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். காதில் விழுந்த நிமிடமே மாஸ்டர் மனசுக்குள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். லீவு போட வேண்டும், விடியற்காலையிலேயே சந்தைக்குப் போக வேண்டும், கோழியைத் தானே பார்த்து வாங்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

மனைவி ஒரேயடியாக முடியாது என்றுவிட்டாள். போன தடவை தம்பி குடும்பம் வந்தபோது பத்துப் பேருக்குச் சமைத்துவிட்டு, மறுநாள் முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்தது மறந்துபோயிற்றா என்று கேட்டாள். டாக்டர் சொன்னதையும் எடுத்துச் சொன்னாள். லீவெல்லாம் வேண்டாம், வேலை முடிந்து வந்து எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டால் போதும், சாப்பாட்டை மகள் வெளியில் சொல்லிப் பார்த்துக்கொள்வாள் என்றாள்.

குழம்பு மட்டுமாவது வைக்கிறேன் என்று மாஸ்டர் இறங்கி வந்தார். அதுவும் கூடாதாம். ஓட்டலில் நாள் முழுக்க அடுப்பு முன்னால் நிற்பவர் வீட்டிலுமா நிற்க வேண்டும் என்றாள்.

“அங்க நிக்கறதும் இங்க நிக்கறதும் ஒண்ணா?” மாஸ்டர் விடவில்லை. “அங்க ஆர்டர் நம்பரைச் சொல்லிக் கத்துவாங்க, செஞ்சு தள்ளிவிடுவேன். யார் சாப்பிட்டாங்க, நல்லா இருந்துச்சா, ஒரு மண்ணும் தெரியாது. என் பொண்ணோட சிநேகிதிங்க ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடறதை நான் பாக்க வேண்டாமா? பின்ன எதுக்குத்தான் இந்தத் தொழிலைக் கத்துக்கிட்டேன்?”

மகளிடம் முறையிட்டுப் பார்த்தார். அவளும் அம்மா பக்கம்தான். நீங்கள் வந்து உட்கார்ந்தால் போதும் அப்பா என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் அவருக்குத் தாங்கவில்லை. பெரிய வேலைக்குப் போனதும் அப்பன் கைச் சோறு இளப்பமாகிவிட்டதாக்கும்.

ஞாயிறன்று வீட்டில் யாரோடும் பேசாமல் வேலைக்குக் கிளம்பினார். ஓட்டலிலும் முகம் கடுகடுவென்றே இருந்தது. பேச்சுக் கொடுத்த பரோட்டா மாஸ்டர் மேல் எரிந்து விழுந்தார். வந்த ஆர்டர்களைக் கை தன் பாட்டுக்குச் செய்து அனுப்பியது. மனசோ, தன் வீட்டுக்குள் நுழையப்போகும் எவனோ ஒருவனின் குழம்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

அவர் வீடு திரும்பியபோது தோழிகள் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். வந்த சாப்பாட்டை மனைவி வீட்டுப் பாத்திரங்களுக்கு மாற்றிவைத்திருந்தாள். ஒரு பெண் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள். மகள் தட்டு வைத்து, சோறு போட்டு, கோழிக் குழம்பை ஊற்றிவிட்டு எதிரிலேயே நின்றாள். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

ஒரு வாய் எடுத்து வைத்தார். இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிவிட்டது.

“வெங்காயம் வதங்கவே இல்ல. மசாலா பச்சை வாசனை அடிக்குது. கறியில உப்பு இறங்கல. இதைச் செஞ்சவனுக்குக் கை இருக்கு, மனசு இல்ல. எவனோ திங்கப் போறான்னு கடனேன்னு கொதிக்க வச்சு ஊத்தியிருக்கான். வீட்டுக்கு வந்த பிள்ளைங்களுக்குப் போடற சாப்பாடா இது? எந்த ஓட்டல், சொல்லு. இப்பவே போய், நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி அவனை நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்.”

தோழிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மனைவி கரண்டியும் கையுமாக அப்படியே நின்றாள். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“உங்க கைச் சமையலை இவங்க சாப்பிடணும்னு எனக்கு ஆசை. உங்களுக்கு முதுகும் வலிக்கக் கூடாது” என்றாள். “அதான், நீங்க அடுப்புல நிக்கற நேரமாப் பாத்து, உங்க ஓட்டல்லயே ஆர்டர் குடுத்தேன்ப்பா.”