மூன்றாவது தட்டு

“கோஸ் இலை சரியாப் புளிக்கல, யெலிட்சா. வாயில வச்சா வந்தவங்க ஆத்துல குதிச்சிடுவாங்க!”

மாமியார் தெசாங்கா கரண்டியை ‘ணங்’கென்று வைத்தாள். யெலிட்சா குனிந்து அடுப்பைத் தணித்தாள். பதில் சொன்னால் பேச்சு வளரும்.

குடும்பத்துப் புனிதரின் திருநாளான ஸ்லாவா, இத்தனை வருடமும் தெசாங்காவின் வீட்டில்தான் நடந்தது. இப்போதுதான் முதல்முறையாக மகன் வோயினின் வீட்டுக்கு வந்திருக்கிறது. அதுவும் அரை மனதாகத்தான்.

“இந்த ஒரு தடவ பாக்கறேன். சாப்பாடு சொதப்பிச்சுன்னா அடுத்த வருஷம் பழையபடி என் வீட்டுலதான். அப்புறம் நான் கண்ண மூடற வரைக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது” என்று காலையிலேயே சொல்லிவிட்டாள்.

ஆற்றங்கரைச் சாலையைப் பார்த்த வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை, தாமாக வருவார்கள். வந்தவரிடம் போய் நீங்கள் யார் என்று கேட்டால் அதைவிட மானக்கேடு கிடையாது. வீட்டுக்காரன் அன்று முழுக்க உட்காரவும் கூடாது. வோயின் வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பேண்ட்டுமாக நின்றபடியே பரிமாறிக்கொண்டிருந்தான்.

“புவோன் ஜோர்னோ!” என்று இத்தாலிய மொழியில் வணக்கம் சொன்னபடி நரைத்த தலையர் ஒருவர் உள்ளே வந்தார்.

யெலிட்சாவுக்குப் பகீரென்றது. வோயின் வேலை செய்யும் ஷூ கம்பெனியின் முதலாளி இத்தாலிக்காரர். வந்தாலும் வருவார் என்று வோயின் சொல்லியிருந்தான். அவள் அவரைப் பார்த்ததில்லை.

“வோயின், அவர நல்லா கவனி!” என்று கிசுகிசுத்தாள்.

“பின்ன, கவனிக்காமயா?” என்று தட்டோடு ஓடினான் அவன்.

வாசலில் நீட்டிய கோதுமை இனிப்பில் ஒரு கரண்டி எடுத்தால் போதும். அவர் மூன்று எடுத்தார். சூப் போன இடம் தெரியவில்லை. அடுத்தது சார்மா. புளித்த கோஸ் இலையில் கறியும் அரிசியும் வைத்துச் சுருட்டி, ராத்திரி முழுக்க அவள் வேக வைத்தது.

ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். அப்படியே இருந்தார்.

“ஐயோ அத்தை, முகத்தச் சுளிக்கறாரே!”

“என்னைக் கேட்டா? உன் கோஸக் கேளு.”

அவர் கண்ணைத் திறந்தார். தட்டை நீட்டினார். இரண்டாவது தட்டும் காலி. மூன்றாவது தட்டை முடித்துவிட்டு எழுந்து நேராகச் சமையற்கட்டுக்கே வந்துவிட்டார்.

“எப்படி... சுத்தறது?” என்று அரைகுறை செர்பிய மொழியில் கேட்டார். யெலிட்சா ஓர் இலையை எடுத்துச் சுருட்டிக் காட்டினாள். அவரும் சுருட்டினார். கறி பாதி தரையில் விழுந்தது. தெசாங்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“சாப்பிடறதுக்கே... ஊர் ஊரா சுத்தறேன். கிரீஸ், போலந்து, ஹங்கேரி... இந்த மாதிரி எங்கயும் இல்ல” என்றார் அவர்.

யெலிட்சாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. “கேட்டீங்களா அத்தை?”

“ரொம்பத் துள்ளாத. விருந்தாளி, அதுலயும் முதலாளி. நல்லால்லன்னு மூஞ்சிக்கு நேராவா சொல்லுவாரு? மரியாதைக்கு முழுங்கியிருக்காரு” என்றாள் தெசாங்கா.

யெலிட்சாவின் முகம் சுருங்கிப்போனது. அந்த மனுஷர் திரும்பிப் போய் உட்கார்ந்து, வோயினைப் பார்த்து விரலை உயர்த்தினார். குனிந்து கேட்ட வோயின் திருதிருவென்று விழித்தபடி சமையற்கட்டுக்கு வந்தான்.

“யெலிட்சா, உன் சித்தியோட இத்தாலி மாப்பிள்ளை ஏன் எங்கிட்ட பில் கேக்கறாரு?”

“சித்தி மாப்பிள்ளையா? அவர் உன் முதலாளி இல்ல?”

“என் முதலாளியா? நீ கவனின்னதும் உங்க ஆளுன்னுல்ல நெனச்சேன்! நாளைக்கு எட்டுப் பேர் வர்றாங்களாம், இதே டேபிள் வேணுமாம். இது ஹோட்டல்னு நெனச்சிட்டாரு!”

தெசாங்கா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு மருமகளின் தோளில் கை போட்டபடி மகனிடம் சொன்னாள்.

“மரியாதைக்கு முழுங்கறவன் பில் கேக்க மாட்டான்டா. காசு வேணாம்னு சொல்லு. எட்டுப் பேரையும் அடுத்த ஸ்லாவாவுக்கு வரச் சொல்லு, இவ வீட்டுக்கு!”