மூன்றாம் மாடிக்கு வெந்நீர்

கொல்லைச் சுவரில் அறைக்கு ஒன்றாக மாட்டியிருந்த மணிகளில் ஒன்று நான்கு முறை அடித்தது.

"முப்பத்தேழாம் நம்பர். நாலு டின்" என்றான் கொப்பரையைக் காய்ச்சும் ரெங்கசாமி.

தோளிலிருந்து டின் சுமக்கும் கம்பை இறக்கிய கருப்பையா இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"காலையில ஏழு மணிக்குத்தானே அந்தம்மாவுக்கு ஊத்தினேன்?"

"மௌல்மீன் பட்டுக்கடைக்காரர் சம்சாரம்ல. பல்கீஸ் பீவின்னு பேரு. பெரிய இடத்து உடம்பு, அழுக்குச் சீக்கிரம் ஒட்டிக்கும் போல."

கருப்பையாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ரங்கூன் ஆற்றங்கரையிலிருந்த அந்த ஓட்டலில் மின்விசிறி இருந்தது. விருந்தினர் ஏறி இறங்க லிஃப்ட் இருந்தது. வெந்நீருக்கு மட்டும் குழாய் இல்லை. கருப்பையாதான் மண்ணெண்ணெய் டின்களில் சுமந்துகொண்டு பின்பக்க இரும்புப் படிகளில் ஏற வேண்டும். குளியலறைப் பின்கதவு வழியாகப் போய்த் தொட்டியில் ஊற்றிவிட்டு, உள்கதவை இரண்டு முறை தட்டிவிட்டு இறங்கிவிட வேண்டும். விருந்தினர் கண்ணில் படக்கூடாது. ஆறு வருஷமாக அவன் யார் கண்ணிலும் பட்டதில்லை.

இரண்டு நடை ஏறி, நான்கு டின்னையும் ஊற்றிவிட்டு வந்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

கொப்பரை காலி; அடியில் நெருப்பும் அணைந்திருந்தது. சாயங்காலம்தான் இனி மூட்டுவார்கள். சாக்குப் போட்டு மூடிய ஒரு டின் மட்டும் சுவரோரம் இருந்தது. கருப்பையா அதைத் தொட்டுப் பார்த்தான். நல்ல சூடு.

அது அம்சவேணிக்காக ரெங்கசாமி ஒளித்துவைத்தது.

கருப்பையாவின் மனைவி அம்சவேணி அதே ஓட்டலில் அறை பெருக்கும் ஆயா. பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. இன்றைக்கு வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவதாக மேஸ்திரி சொல்லி அனுப்பியிருந்தார். பசுந்தாங் பேட்டையில் அவர்கள் குடியிருந்த இடத்தில் எட்டுக் குடும்பத்துக்கு ஓர் அடுப்பு. விடியற்காலையில் முறை கிடைக்கவில்லை. குழாயடியில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, பல் கிட்ட, குழந்தையைப் பக்கத்து வீட்டுப் பவுனம்மாளிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

அவளுக்கு வேலை முன்பக்க அறைகளில், அவனுக்குப் பின்பக்கப் படிகளில். பன்னிரண்டு மணிக்கு அவள் சாப்பிட இறங்கி வந்ததும் விறகுக் கொட்டகையில் வைத்து அந்த டின்னை ஊற்றிவிடலாம் என்பது ஏற்பாடு. மேஸ்திரிக்குத் தெரிந்தால் மூன்று பேருக்கும் வேலை போய்விடும். விருந்தினருக்கான வெந்நீரில் கால் கழுவியதற்காகப் போன மாதம்தான் ஒருவனை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்.

பன்னிரண்டு அடித்தது. அம்சவேணி வரவில்லை.

மணிதான் அடித்தது. ஒரே ஒரு முறை.

"முப்பத்தேழு" என்றான் ரெங்கசாமி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"இல்லைன்னு சொல்லிடு."

"மேஸ்திரி வந்து கொப்பரையைப் பார்ப்பாரு. அப்புறம் இந்த டின்னையும் பார்ப்பாரு."

கருப்பையா சாக்கை எடுத்துப் போட்டுவிட்டு டின்னைத் தூக்கினான்.

அறுபத்திரண்டு படிகள். ஏறும்போதே சொல்ல வேண்டியதை மனசுக்குள் கோத்துக்கொண்டு போனான். அம்மா, உங்களுக்கு ஒரு நாளைக்கு எத்தனை குளியல் வேணும்? என் வீட்டில் ஒருத்தி பிள்ளை பெத்த உடம்போடு பச்சைத் தண்ணியில் குளிச்சிட்டு வந்திருக்கா. கேட்டுவிட வேண்டும். வேலை போனால் போகட்டும்.

பின்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினான். திறந்தது அந்த அம்மாவேதான்.

சேலையை இழுத்துச் செருகியிருந்தார். கை வளையல்களெல்லாம் ஜன்னல் விளிம்பில் கிடந்தன. தலைமுடி காய்ந்தே இருந்தது. முழங்கை வரைதான் ஈரம்.

கருப்பையா வாயைத் திறப்பதற்குள் அவர் தாழ்ந்த குரலில் பேசினார்.

"வந்துட்டியாப்பா. இங்க வேலை பாக்குற பொண்ணு ஒண்ணு, பிள்ளை பெத்துப் பன்னெண்டு நாள்தான் ஆகுதாம். பெருக்க வந்தவ நடுங்கிட்டு நின்னா. நான்தான் பிடிச்சு உக்காரவச்சு ஊத்துறேன். முதுகுக்கு இன்னும் சூடு பத்தல. மேஸ்திரி காதுக்குப் போயிடாம பாத்துக்க. இன்னும் ரெண்டு டின் கிடைக்குமா?"

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"போதும்மா. பாவம், அவருக்கு இடுப்பு வலி. மூணு மாடி ஏறி வரணும்."

அம்சவேணியின் குரல்.

கருப்பையா டின்னை இறக்கி வைத்தான். கோத்து வந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"இடுப்பு நல்லாத்தான் இருக்கு" என்றான் திரையைப் பார்த்து. "அடுப்பை மூட்டச் சொல்றேன். நாலு டின்னாவே கொண்டாறேன்."