தொட்டியில் வாய் வைத்த பக்கெட்

"இந்தக் காலத்துல எவன் ஒழுங்கா வேல செய்றான்? வர்றான், ஃபோன நோண்டறான், டீ குடிக்கறான், சரியாப் போச்சுன்னு சொல்லிட்டுப் போய்டறான். மறுநாள் பாத்தா அதே கததான்."

கோதண்டராமன் மாட்டுக் கொட்டகைத் தூணைப் பார்த்துத்தான் இதைச் சொன்னார். ஆனால் டிராக்டருக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் வீரமணிக்கு அது நன்றாகவே கேட்டது. செஞ்சியிலிருந்து அவன் சிங்கவரத்துக்கு வருவது இது மூன்றாவது தடவை.

கோளாறு ஒன்றுதான். அந்த மினி டிராக்டரின் முன்னால் மண் அள்ளும் பக்கெட் இருக்கிறது. சாயங்காலம் கோதண்டராமனின் மருமகள் ஜெயக்கொடி அதைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுப் போவாள். காலையில் வந்து பார்த்தால் அது இறங்கி, எதிரே இருக்கும் கல் தொட்டியில் வாய் வைத்தபடி கிடக்கும்.

"வண்டிய நிறுத்தறப்ப பக்கெட்ட தரையில எறக்கி வெச்சிடணும்க்கா. அதான் மொறை," என்றான் வீரமணி, பக்கத்தில் நின்ற ஜெயக்கொடியிடம்.

"தரை எங்க இருக்குது? தொட்டி இல்ல இருக்குது. அத நவுத்த மாமா வுட மாட்டேங்கறாரு."

"செவல தண்ணி குடிச்ச தொட்டி அது," என்றார் கிழவர். "மாட்டத்தான் வித்துட்டீங்க. தொட்டி உங்கள இன்னா பண்ணுச்சு?"

வீரமணி வேலையைத் தொடர்ந்தான். ஹைட்ராலிக் ஆயிலைப் பார்த்தான், அளவு சரி. ஓஸ் குழாய் ஒவ்வொன்றையும் துணியால் துடைத்துப் பார்த்தான்; துணி காய்ந்தே இருந்தது. முதல் தடவை வால்வை மாற்றியாயிற்று, போன தடவை சிலிண்டர் சீலையும் மாற்றியாயிற்று. வண்டியை வாசலுக்கு ஓட்டி வந்து, பக்கெட் நிறைய மண்ணை அள்ளித் தூக்கி நிறுத்தினான். சிலிண்டர் தண்டின்மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டான்.

"கோடு உள்ள போயிருந்தா ஆயில் உள்ளுக்குள்ளயே ஒழுவுதுன்னு அர்த்தம். சாப்ட்டு வந்து பாப்போம்."

"நீ கோடு போடு, கோலம் போடு. மிசினுன்னா இப்டித்தான். எங்க செவல நில்லுன்னா நிக்கும், படுன்னாப் படுக்கும். எண்ணெ கேட்டுதா, சீலு கேட்டுதா?"

"சாணி போட்டுதே மாமா. நான்தான வாரினேன்," என்றாள் ஜெயக்கொடி.

கிழவர் சிரிக்கவில்லை. "எவன் கையும் படாம இன்னொரு தபா அது எறங்குச்சுன்னு வெச்சிக்கோ, ஞாயித்துக்கெழம அவலூர்பேட்டையில கொண்டுபோய் வித்துத் தள்ளிடுவேன். ஆள் பாத்து வெச்சிட்டேன்."

வண்டி அவர் பேரில் இருந்தது. ஓட்டக் கற்றுக்கொண்டது அவள். புருஷன் சென்னையில் இருக்க, ஊரில் எருவும் மண்ணும் தள்ளி வீட்டை நடத்துகிறவள். அமாவாசைக்கு மேல்மலையனூரில் பஸ் நிற்கும் இடத்தை நிரவித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். வண்டி போனால் எல்லாம் போனது.

வெயில் சாயும்வரை கோடு போட்ட இடத்திலேயே இருந்தது. வீரமணி மண்ணைக் கொட்டிவிட்டு வண்டியைக் கொட்டகையில் விட்டு, வழக்கம்போலப் பக்கெட்டைத் தொட்டிக்கு மேலே தூக்கி நிறுத்தினான்.

"மிசின்ல ஒண்ணும் இல்லக்கா. யாராச்சும் தொடறாங்களா?"

"சாவி என் இடுப்புலதான இருக்குது?"

"எறக்க சாவி வாணாம். எஞ்சின் ஆஃப்ல மேல ஏறாது. ஆனா லிவர முன்னால தள்ளினா, சொந்த பாரத்துல மெல்ல எறங்கிடும்."

ஜெயக்கொடி குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு டிராக்டர்காரன் பாவாடை மேலதான் சந்தேகம். மேல்மலையனூர் வேல அவன் வண்டிக்குப் போவ வேண்டியது. இந்த நேரத்துல நான் பால் வாங்கப் போய்டுவேன், மாமா டீக்கடைக்குப் போய்டுவாரு. கொட்டகையில யாரும் இருக்கறதில்ல."

"இன்னிக்கு இருப்போம்."

இருவரும் வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். ராஜகிரி மலைமேல் வெளிச்சம் சிவந்து மங்கிக்கொண்டிருந்தது. சிறிது நேரத்தில் கொட்டகைக்குள் செருப்புச் சத்தம் கேட்டது. வீரமணி எழுந்திருக்கப் போனான். ஜெயக்கொடி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

வந்தது கோதண்டராமன்.

தோள் துண்டால் டிராக்டர் சீட்டைத் தட்டினார். பக்கத்தில் நின்று, நுனியில் பித்தளைக் குப்பி மாட்டிய மாட்டுக் கொம்பைப் பிடிப்பதுபோல, லிவரின் உருண்டைத் தலையை உள்ளங்கையில் பொத்திக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு மெல்ல முன்னால் அழுத்தினார்.

"படுடா செவல. பொழுது போச்சு, படு."

பக்கெட் பெருமூச்சு விட்டபடி மெதுவாக இறங்கித் தொட்டியில் வாய் வைத்தது. அந்தச் சத்தத்தில் கையை எடுத்துத் திரும்பியவர், வைக்கோல் போர் ஓரத்தில் எழுந்து நின்றுவிட்ட இருவரையும் பார்த்தார்.

"பாத்தீங்களா? மறுபடியும் எறங்கிடுச்சு."

"பெரியவரே, லிவர்ல உங்க கைதான் இருந்துச்சு," என்றான் வீரமணி.

கிழவர் தன் உள்ளங்கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "போடா, என் கையி செவல கொம்புல இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தார்.